டேப் சுற்றிய இரண்டு வயர்கள்

அண்ணன்,

உங்கள் கார் செவ்வாய்க்கிழமையிலிருந்து என் கடைக்குள் நிற்கிறது. இன்று காலைதான் டாஷ்போர்டின் முகப்பைக் கழற்றிப் பழைய ரேடியோ செட்டை வெளியே இழுத்தேன். தூசும் கற்பூரமும் கலந்த ஒரு வாசனை வந்தது. சாம்பல் தட்டில் நீங்கள் வைத்திருந்த திருநீற்றுப் பொட்டலம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. செட்டுக்குப் பின்னால் கையை விட்டு வயர்களைப் பிரித்தபோது, இரண்டு மட்டும் எதிலும் சேராமல் தொங்கின. யாரோ வெட்டியிருந்தார்கள். வெட்டிய முனைகளில் கறுப்பு டேப் தனித்தனியாகச் சுற்றி, டேப்பின் நுனி உள்பக்கமாக மடித்து விடப்பட்டிருந்தது. பிறகு கழற்றுகிறவன் நகம் வைத்துத் தேடக் கூடாது என்று அப்படி மடிக்கிற ஆள் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். "படம் வரையிற ஆளுக்கு டேப் ஒட்டவும் அடிமட்டம் வேணுமாண்ணே?" என்று ஒருமுறை உங்களைக் கேலி செய்தேன்.

அந்த இரண்டு வயர்களும் ஸ்டியரிங்கில் உள்ள பட்டன்களிலிருந்து வருபவை. யுத்தத்தின் கடைசி வருடங்களில் என் கையாலேயே அவற்றைப் புதுச் செட்டோடு இணைத்துக் கொடுத்தேன். நீங்கள் வெட்டியிருக்கிறீர்கள். வெட்டியதை என்னிடம் சொல்லவில்லை. ஏன் வெட்டினீர்கள் என்பது எனக்கு அரை மணித்தியாலத்தில் விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு இன்று வேறு வேலை ஓடவில்லை. கடையை மூடவும் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கொழும்பு வீதியில் போகும் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரைக் கொண்டு வந்தது உங்கள் மனைவி, அக்காதான். நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதம். கார் இனி மருமகனுக்காம். "புதுசா ஒரு செட் போட்டுக் குடுங்கோ அந்தோனி. போனோட கதைக்கிற மாதிரி. ஸ்டியரிங்கில உள்ள பட்டனும் வேலை செய்ய வேணும் எண்டு மருமகன் சொன்னவர்" என்றார். பிறகு காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "உந்தப் பட்டனைக் கண்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வருது. அண்டைக்கு அந்த மனுசன் அதைப் பிழையா அமத்தாமல் இருந்திருந்தா, எங்கட வாழ்க்கையே வேற மாதிரிப் போயிருக்கும்" என்றார். சனிக்கிழமை வாறன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனார். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. அக்கா அதை நூறு தரம் சொல்லிக் கேட்டவன்தானே நான்.

நீங்கள் முதல்முதலாக இந்தப் பிலிமத்தலாவைக் கடைக்கு வந்த நாள் மழை. ஹந்தானை மலை அடிவாரத்தில் வாடகைக்கு இருப்பதாகவும், கண்டியில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் படவரைஞர் என்றும் சொன்னீர்கள். யாழ்ப்பாணத்து ஆள் என்று நீங்கள் சொல்லத் தேவைப்படவில்லை, வாயைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. நான் கலஹா தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன், நீங்கள் பேசியதில் பாதியை ஊகித்துத்தான் பதில் சொன்னேன். "வாங்க, இருங்க, என்னாங்க பிரச்சினை?" என்று நான் கேட்டதும் சிரித்தீர்கள். "உங்கட தமிழ் நல்ல மரியாதையா இருக்கு. வயரிங்கும் அப்பிடித்தானோ எண்டு பாப்பம்" என்றீர்கள். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். அன்றைக்கே அண்ணன் ஆகிவிட்டீர்கள்.

பிரச்சினை எல்லா ஜப்பான் காருக்கும் உள்ளதுதான். அங்கே ஓடிக் கழித்த கார், அங்கத்து ரேடியோ. அதில் எஃப்.எம். அலைவரிசை தொண்ணூறோடு நின்றுவிடும். நம்முடைய தமிழ் ஒலிபரப்பு எல்லாம் அதற்கு மேலே. ஆகவே செட்டை மாற்ற வேண்டும். மாற்றினால் ஸ்டியரிங்கில் உள்ள பட்டன்கள் செத்துவிடும், ஏனென்றால் அவை பழைய செட்டின் பாஷையைத்தான் பேசும். அந்தக் காலத்தில் வருகிறவர்கள் எல்லோரும் "பட்டன் போனால் போகட்டும் பாஸ், ரேடியோ கேட்டால் சரி" என்பார்கள். நீங்கள் மட்டும் பட்டன்தான் முக்கியம் என்று நின்றீர்கள். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கே உரிய பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் சொன்னீர்கள். இரண்டு கிழமைக்கு ஒரு தரம் கொழும்பில், வெள்ளவத்தையில் இருக்கும் உங்கள் அம்மாவைப் பார்க்கப் போவீர்கள். வழியில் எத்தனை சோதனைச் சாவடி என்று எண்ணிச் சொல்ல முடியாது. இன்று இருக்கும் இடத்தில் நாளை இருக்காது. "வளைவில திரும்பினா நிக்கிறாங்கள் அந்தோனி. பெரிய லைட்டை அணைக்க வேணும், பார்க் லைட்டில வர வேணும், உள் லைட்டைப் போட வேணும். ரெண்டு கையும் ஸ்டியரிங்குக்கு மேல தெரிய வேணும். தமிழ்ப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தா என்ன செய்யிறது? செட்டை நிப்பாட்டக் கையை எடுத்தா, கையை எங்க கொண்டு போறான் எண்டு பாப்பாங்கள்."

"ரேடியோவப் போடாமலே போயிட்டா என்னாண்ணே?"

"எந்தப் பாதை பூட்டிக் கிடக்கு எண்டு ரேடியோதானே சொல்லுது. அதோட மூண்டரை மணித்தியாலம் ஒரு மனுசன் ஊமையா ஓடேலுமே?"

எனக்கு அது உடனே புரிந்தது. கலவரக் காலத்தில் எங்கள் தோட்டத்து லயத்து வீட்டில் ரேடியோவைத் தலையணைக்குக் கீழே வைத்துக் கேட்டோம். கலஹாவிலிருந்து பேராதனைக்குப் பஸ்ஸில் வரும்போது அம்மா என் தொடையைக் கிள்ளுவார். சத்தமாகத் தமிழ் பேசாதே என்று அர்த்தம். சத்தத்தைக் குறைக்க ஒரு பட்டன், அதுவும் கையை எடுக்காமல். இதைவிட நியாயமான ஆசை எதுவும் இல்லை என்று பட்டது. செய்து தருகிறேன் என்றேன்.

வேலை பெரிய வித்தை இல்லை. ஸ்டியரிங்குக்குள் ஒவ்வொரு பட்டனுக்கும் மின்சாரத்தைத் தடுக்கும் அளவு ஒவ்வொரு விதம். எந்தப் பட்டனை அழுத்தினாலும் அதே வயரில்தான் வரும், அளவு மட்டும் மாறும். புதுச் செட்டில் அந்த அளவைப் படிக்க ஒரு வயர் இருக்கும். ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பிடித்து, இது கூட்டுவது, இது குறைப்பது, இது அடியோடு நிறுத்துவது என்று செட்டுக்குப் பழக்க வேண்டும். அளவு கொஞ்சம் பிசகினாலும் செட் பக்கத்துப் பட்டன் என்று நினைத்துவிடும். அதற்காகத்தான் எர்த் வயர், வேறு எதன் மின்சாரமும் கலக்காமல், சுத்தமாக இருக்க வேண்டும்.

நீங்கள் அலுவலகத்தில் இருந்து ஒரு படம் வரைந்து கொண்டு வந்தீர்கள். எண்ணெய்க் கை படும் என்று அதற்குப் பிளாஸ்டிக் உறையும் போட்டிருந்தீர்கள். எர்த் கோடு நேராகக் காரின் உடம்பில் உள்ள போல்ட்டுக்குப் போயிருந்தது. பக்கத்தில் உங்கள் அச்செழுத்தில் "தனியாக" என்று ஒரு சொல். "தனியா வயர் இழுங்கோ. வேற ஒண்டோடும் சேக்க வேண்டாம்" என்று வாயாலும் சொன்னீர்கள். பிறகு அலுவலகத்துக்குப் போய்விட்டீர்கள்.

அந்தப் போல்ட் ஹீட்டருக்குப் பின்னால் இருந்தது. கை போகவில்லை. அரை மணித்தியாலம் மல்லாந்து கிடந்து பார்த்தேன். பக்கத்திலேயே டாஷ்போர்டு விளக்குகளின் கறுப்பு வயர் கைக்கு எட்டியது. அதுவும் எர்த்தானே என்று அதில் சேர்த்து ஈயம் வைத்து ஒட்டினேன். பட்டன்களைப் பழக்கினேன். அழுத்திப் பார்த்தேன். எல்லாம் வேலை செய்தன.

விளக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. அந்த நாட்களில் என் கடையில் எந்த வாகனத்துக்கும் விளக்குப் போட்டுப் பார்ப்பது இல்லை. உங்களுக்கு நினைவிருக்கும், எதிர்ப்பக்கம் மணல் மூட்டை அடுக்கிய காவல் கொட்டில் ஒன்று இருந்தது. எங்கள் முற்றம் சரிவு என்பதால் கார்களைப் பின்பக்கமாகத்தான் ஏற்றுவோம், முகம் கொட்டிலைப் பார்த்து இருக்கும். ஒருநாள் லொறி ஒன்றின் விளக்கைச் சோதிக்கப் போட்டதற்கு இருவர் துவக்கை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். இனிமேல் இந்தப் பக்கம் விளக்கு அடிக்கக் கூடாது என்றார்கள். அதற்குப் பிறகு விளக்கு வேலை என்றால் வாகனத்தைக் கோயில் வளவுக்கு ஓட்டிப் போய்ப் பார்ப்பேன். ரேடியோ வேலைக்கு விளக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். பார்க் லைட்டை மட்டுமாவது போட்டிருக்கலாம். அது கொட்டில்வரை அடிக்காது. போடவில்லை.

பின்னேரம் வந்து நீங்கள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தீர்கள். இடது பெருவிரலால் அழுத்தினீர்கள். பாட்டு நின்றது. மறுபடி அழுத்தினீர்கள், வந்தது. ஐந்தாறு தரம் செய்திருப்பீர்கள். "இப்ப எனக்குப் பயமில்லை" என்றீர்கள். கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது எழுதும்போது ஒன்றும் இல்லை, மரத்துப்போன காலை யாரோ தொடுகிற மாதிரி இருக்கிறது.

மூன்றாவது பயணத்தில், சோதனைச் சாவடி ஒன்றில் உங்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். காலை நேரம், மலைப்பாதையில் இறங்கும்போது நல்ல பனிமூட்டம். பகலிலும் விளக்குப் போட்டுத்தான் ஓட வேண்டும். பின்சீட்டில் அக்கா, அம்மாவுக்குக் கட்டிய சாப்பாட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். வளைவில் திரும்பியதும் கை காட்டினார்கள். ரேடியோவில் தமிழ்ப் பாட்டு. நீங்கள் பட்டனை அழுத்தினீர்கள். பாட்டுச் சத்தம் கூடியது. திரும்பவும் அழுத்தினீர்கள், இன்னும் கூடியது. கடைசியில் கார் அதிரும் அளவுக்கு வந்தபோது கையை எடுத்துச் செட்டுக்குக் கொண்டு போனீர்கள். "பஹின்ன!" என்று கத்திக்கொண்டு கதவைத் திறந்தார்கள். இறங்கச் சொன்ன பிறகுதான் அடையாள அட்டையைப் பார்த்தார்கள், பிறந்த இடத்தைப் பார்த்தார்கள். பதினொரு கிழமை உள்ளே வைத்திருந்தார்கள்.

நீங்கள் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தேன். வலது கைச் சுட்டுவிரல் மடங்கவில்லை. பேனையை எப்படிப் பிடிப்பீர்கள் என்று நான் கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை. பிறகு அலுவலகத்தில் உங்களைக் கோப்பு அறைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை ஒரு கோடு வரையவில்லை. அன்றைக்கு அக்கா வாசலில் நின்றபடியே சொன்னார்: "பாட்டைக் குறைக்கச் சொன்னா, பதட்டத்தில கூட்டிப்போட்டார். ஒரு பட்டனை ஒழுங்கா அமத்தத் தெரியேல்ல."

"ஓம், என்ர விரல்தான் மாறி அமத்திப்போட்டுது" என்றீர்கள் நீங்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. வீட்டில் இருந்த இறுக்கத்தைக் குறைப்போம் என்று நினைத்து, "இருக்கிறதே அஞ்சு பட்டன், அதுலயும் குழப்பமாண்ணே?" என்று சிரித்தேன். நீங்கள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தீர்கள். பிறகு அக்காவிடம், "அந்தோனிக்குத் தேத்தண்ணி போடும்" என்றீர்கள்.

அன்றே உங்களுக்குத் தெரிந்திருந்ததா, பிறகுதான் கண்டுபிடித்தீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. கார் திரும்பிக் கிடைத்த பிறகு பார்க் லைட்டைப் போட்டு நீங்களே அழுத்திப் பார்த்திருப்பீர்கள். டாஷ்போர்டைக் கழற்றி, உங்கள் படத்தில் தனியாகப் போன கோடு எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். மடங்காத விரலோடு அந்த டேப் நுனியை மடித்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகும் பிரேக் லைட், பற்றரி, ஹோர்ன் என்று எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வந்தீர்கள். வரும்போதெல்லாம் நான் கேட்பேன், "செட்டு எப்படிண்ணே, பட்டன் எல்லாம் சரியா?" என்று. "ஓம், அது அருமையா வேலை செய்யுது" என்பீர்கள். ஒருநாள் நானாகச் சாவியை வாங்கி ரேடியோவைப் போடப் போனேன். "அதை விடுங்கோ" என்று என் கையைப் பிடித்தீர்கள். கோபப்பட்டதாக நினைத்து நான்கூட ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று மத்தியானம் அந்த இரண்டு வயர்களையும் டேப்பைப் பிரித்துப் பழையபடி சேர்த்தேன். ரேடியோவைப் போட்டு நிறுத்தும் பட்டனை அழுத்தினேன். நின்றது. பார்க் லைட்டைப் போட்டு அழுத்தினேன். சத்தம் கூடியது. இன்னொரு தரம் அழுத்தினேன், இன்னும் கூடியது. பக்கத்துப் பித்தளைக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன பாஸ், கல்யாணமா?" என்றார்.

சனிக்கிழமை அக்கா வருவார். சொன்னால் உங்கள் வீட்டு வாசலை இனி மிதிக்க முடியாது. சொல்லாவிட்டால், பட்டன் அமத்தத் தெரியாத மனுசன் என்று உங்களைப் பற்றி அக்கா சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பார். என்ன செய்வது என்று தெரியவில்லை. இதோடு நிறுத்துகிறேன்.

இன்று ஞாயிறு. பூசைக்குப் போய்விட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க வேலை செய்தேன். ஹீட்டர் பெட்டியையே கழற்றி இறக்கிவிட்டு, அந்தப் போல்ட்டைச் சுரண்டிச் சுத்தப்படுத்தி, தனியாக ஒரு வயர் இழுத்தேன். புதுச் செட்டைப் பூட்டி, பட்டன்களை விளக்கு இல்லாமல் ஒருமுறையும் விளக்கோடு ஒருமுறையும் பார்த்தேன். எதிர்ப்பக்கத்துக் கொட்டில் போய் எத்தனையோ வருஷம். அந்த இடத்தில் இப்போது போன் கடை. இந்த வேலை அன்றைக்கும் ஒரு நாள் வேலைதான்.

அக்கா பதினொரு மணிக்கு வந்தார். முன்சீட்டில் உட்கார வைத்தேன். பக்கத்துக் கடையில் தேத்தண்ணி சொன்னேன். செட்டைக் காட்டாமல், வெட்டி எடுத்த பழைய இணைப்பை ஒரு துணியில் வைத்துக் கொண்டு வந்து காட்டினேன்.

"என்னது இது?"

"நான் செஞ்ச வேலைக்கா. அண்ணன் தனியா இழுக்கச் சொன்னாரு. நான் விளக்கு வயரோட சேர்த்துட்டேன். விளக்கு எரிஞ்சா நிறுத்துற பட்டன் சத்தத்தக் கூட்டும். அன்னைக்கு விளக்குப் போட்டிருந்தீங்கல்ல. அவரு சரியாத்தான் அழுத்தியிருக்காரு. தப்பு என்னோடது."

அக்கா அதைக் கையில் வாங்கவில்லை. "அவருக்குத் தெரியுமே?" என்று கேட்டார். டேப்பைப் பற்றிச் சொன்னேன். தலையை ஆட்டினார்.

"அண்டைக்கு நான் பின்னால இருந்து கத்தினனான், அந்தோனி. 'அமத்துங்கோ, அமத்துங்கோ' எண்டு. அவர் 'அமத்துறன், அமத்துறன்' எண்டவர். எனக்குப் பொய் சொல்லுறார் எண்டு நினைச்சன்." பிறகு இன்னும் மெதுவாக, "அமத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறார்" என்றார்.

நான் திட்டு வரும் என்று நின்றேன். அதற்காகவே இரண்டு நாள் என்னைத் தயார் செய்து வைத்திருந்தேன். அடித்தால்கூட வாங்குவது என்று நினைத்திருந்தேன். தேத்தண்ணி வந்தது, இருவரும் குடிக்கவில்லை. அக்கா கையை நீட்டி ஸ்டியரிங்கில் உள்ள பட்டன்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எதையும் அழுத்தவில்லை.

"ஆஸ்பத்திரியில கடைசிக் கிழமையும் சொன்னனான். உங்களாலதான் எல்லாம் எண்டு. அவர் ஓம் எண்டவர்."

"மன்னிச்சிருங்கக்கா" என்றேன். அது வேறு யாரோ சொன்ன மாதிரிக் கேட்டது.

"நீங்க இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்" என்றார் அக்கா. குரலில் கோபம் இருந்திருந்தால் நல்லது. இருக்கவில்லை. உப்பு இல்லை என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். "இனி நான் ஆரிட்டப் போய்ச் சொல்லுறது?" என்று கேட்டுவிட்டு இறங்கினார். கார் எடுக்க மருமகனை அனுப்புவதாகச் சொன்னார். பஸ் வரும்வரை வீதி ஓரத்தில் நின்றார். நான் கடைக்குள்ளே நின்றேன்.

உங்கள் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தான் சொன்னேன் அண்ணன். அப்படித்தான் இப்போதும் நினைக்கப் பார்க்கிறேன். நீங்கள் இத்தனை வருஷம் எங்கள் இருவரையும் விட்டு விலக்கி, உங்களிடமே வைத்திருந்ததை நான் எடுத்து அக்கா மடியில் போட்டுவிட்டேன். அழுகை வரும் என்று பூசையில் முழங்காலில் இருந்து பார்த்தேன். வரவில்லை. எழும்பி வந்துவிட்டேன்.

நீங்கள் பதினொரு கிழமை அடி வாங்கினீர்கள், அதற்குப் பிறகு வீட்டில் பேச்சும் வாங்கினீர்கள். அக்கா இனி ஒவ்வொரு நாளும் தன்னைத் தானே ஏசுவார். என்னை மட்டும் இதுவரை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை.